டெல்லி லைனா, கன்டெய்னரா, கேஸ் டேங்கரா? ட்ரிப் படிக்காசுக்கும், வீட்டில் இருக்கும் நாளுக்கும் கணக்குப் போடுவது எப்படி?

கேள்வி கேட்டவர்: ராசிபுரம் 12 வீல்

வணக்கம்ங்க. இப்போது ஓட்டுவது 12 வீல் லாரி, டெல்லி லைன். ஒரு ட்ரிப் சராசரியாக 20 நாள். வந்ததும் வீட்டில் 3 நாள், பிறகு அடுத்த லோடு. மாதச் சம்பளம் இல்லை, ஓட்டத்துக்குத் தரும் படிதான். எல்லாப் படியும் சேர்த்து ட்ரிப்புக்கு 26,000 ரூபாய் வருகிறது. சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் அதிலிருந்துதான். கிளீனர் இல்லை.

இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்று கரூரில் கன்டெய்னர் டிரெய்லர். தூத்துக்குடி துறைமுகம் போய் வர வேண்டும். மாதச் சம்பளம் 16,000, நடைக்கு 600 பேட்டா, மாதம் 12 நடை கிடைக்கும் என்கிறார்கள். இன்னொன்று கேஸ் டேங்கர். மங்களூரில் ஏற்றி, சேலம் கருப்பூரிலோ ஈரோடு இங்கூரிலோ இறக்குவது. ட்ரிப்புக்கு 4,500, மாதம் 6 ட்ரிப், ஒரு ட்ரிப்புக்கு 4 நாள்.

நான் போட்ட கணக்குப்படி இப்போது மாதம் 34,000 கிட்ட வருகிறது. கன்டெய்னரில் 23,200, டேங்கரில் 27,000. பையன் அடுத்த வருஷம் ஆறாவது போகிறான், பாப்பாவுக்கு மூன்று வயது. வீட்டில் இருக்கிற நாள் கூட வேண்டும். ஆனால் அதற்காக மாதம் 11,000 ரூபாயை விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1, எழுதியவர்: ட்ரிப் ஷீட் கணக்கு

34,000 என்பதை முதலில் ஓரமாக வையுங்கள் தம்பி. அது ஓட்டத்துக்கு வரும் வரவு. வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்த்தால் வேறு தொகை வரும்.

20 நாள் வெளியே, 3 நாள் வீடு, ஆக ஒரு சுற்று 23 நாள். வெளியே நாளுக்கு 350 என்று வையுங்கள், இரண்டு வேளைச் சாப்பாடு, டீ, தண்ணீர், குளியல் சேர்த்து. 20 நாளுக்கு 7,000. ரீசார்ஜ், லோடு ஆட்களுக்கு டீக்காசு, தார்ப்பாய் கட்ட ஆள் கூலி என்று ஒரு 1,000. மீதி 18,000. இதை 20-ஆல் வகுக்கக் கூடாது, 23-ஆல் வகுக்க வேண்டும். வீட்டில் நிற்கிற 3 நாளுக்கு யாரும் படி கொடுப்பதில்லையே. நாளுக்கு 783 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு 23,500 கிட்ட.

கன்டெய்னரில் 23,200. நடைக்குச் சாப்பாட்டுச் செலவு 400 போட்டால் 12 நடைக்கு 4,800. மீதி 18,400.

நீங்கள் 11,000 என்று நினைத்த வித்தியாசம் 5,000 சொச்சத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். டெல்லி லைனில் மாதத்துக்கு 4 ராத்திரி வீட்டில். கன்டெய்னரில் 12 நடைக்கு 12 ராத்திரி வெளியே, துறைமுகம் இழுத்தடிக்கும் நடைகளையும் சேர்த்து 15 என்று வைத்தாலும் 15 ராத்திரி வீட்டில். கூடுதலாக 11 ராத்திரி. 5,000 ரூபாயை 11-ஆல் வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 460 ரூபாய். "சம்பளம் குறைகிறது" என்று வீட்டில் பேசாமல், "ஒரு ராத்திரி வீட்டில் இருக்க 460 ரூபாய் விடுகிறோம், விடலாமா?" என்று பேசுங்கள். அதற்குப் பதில் சொல்ல உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் உரிமை இருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் 20 நாள் என்பது சராசரி. ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் 5 நாள் ஹால்ட் ஆனால் என்ன ஆகும்? படி அதே 26,000. சாப்பாடு 25 நாளுக்கு 8,750, மற்ற செலவு 1,000. மீதி 16,250. சுற்று இப்போது 28 நாள். மாதக் கணக்கில் 17,400தான் வரும். கன்டெய்னரில் ஒரு மாதம் நடை 12 போய் 8 ஆனாலும், 16,000 சம்பளம் நிற்பதால் சாப்பாடு போக 17,600 மிஞ்சும். படிக்கு ஓட்டும்போது ஹால்ட் உங்கள் தலையில் விழுகிறது. சம்பளத்துக்கு ஓட்டும்போது ஓனர் தலையில் விழுகிறது. டெல்லி லைனில் கூட வருகிற அந்த 5,000-இல் ஒரு பகுதி இந்த ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி.

ஆகவே போன ஆறு ட்ரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய தேதி, வீடு வந்து சேர்ந்த தேதி, கைக்கு வந்தது, செலவு. பாஸ்டேக் குறுஞ்செய்திகள் போனில் இருந்தால் எந்த டோலை எந்தத் தேதியில் தாண்டினீர்கள் என்பது அதிலேயே இருக்கும், ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. நல்ல ட்ரிப் மட்டும் மனதில் நிற்கும். தேதியோடு எழுதினால் உண்மையான சராசரி 20-ஐ விடக் கூடத்தான் பெரும்பாலும் வரும்.

பதில் 2, எழுதியவர்: தூத்துக்குடி டிரெய்லர்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. வண்டி நிற்பது கரூரில், ஊர் ராசிபுரம். நாமக்கல் வந்து மாறிப் போகப் பஸ்ஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஒரு நடைக்குப் போகவர 120 ரூபாய் வைத்தால் மாதம் 1,440. வித்தியாசம் 6,500 ஆகிறது, ராத்திரி ஒன்றுக்கு 600 கிட்ட. இரவு 11 மணிக்கு யார்டில் வண்டியை விட்டால் ஊருக்குப் பஸ் பிடிப்பதும் கஷ்டம். யார்டில் பைக் நிறுத்த இடம் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

அடுத்து "நடை" என்றால் என்ன என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கரூர், தூத்துக்குடி, மறுபடி கரூர் சேர்ந்து ஒரு நடையா, அல்லது ஏற்றுமதிப் பெட்டி இறக்கியது ஒன்று, இறக்குமதிப் பெட்டி ஏற்றி வந்தது ஒன்றா? ஒரு வழி 290 கி.மீ. கிட்ட. சில இடங்களில் காலிப் பெட்டி எடுத்து வருவதை நடையாகவே எண்ணுவதில்லை.

இந்த வேலையில் நேரம் போகிற இடங்கள் மூன்று. முதலாவது காலிப் பெட்டி எடுக்கும் யார்டு. பெட்டியை வாங்கும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது. தரைப்பலகை ஈரமா, எண்ணெய்க் கறையா, மீன் வாடையா, கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கரூரில் ஏற்றுவது படுக்கை விரிப்பு, திரைச்சீலை மாதிரி துணிச் சரக்கு. வாடை அடித்தால் கம்பெனியில் பெட்டியைத் திருப்பிவிடுவார்கள். மறுபடி 290 கி.மீ. போக வேண்டும், உங்கள் ஒரு ராத்திரி போச்சு. ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால் வரும் நஷ்டம் இது.

இரண்டாவது கம்பெனியில் லோடு ஏற்றும் நேரம். காலையில் வண்டி நிற்க வேண்டும், சரக்கு மாலை வரை வந்துகொண்டிருக்கும். முடியும்போது 7, 8 மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் டிரைவர் தூங்க இடம் உண்டா? இது முக்கியம். பகலில் தூங்காமல் ராத்திரி திண்டுக்கல், மதுரை வழியாக ஓட்டினால் விடியற்காலை 2 முதல் 5 மணிக்குள் கண் செருகும். மதுரை தாண்டினால் சாலை நேராகக் கிடக்கிறது, அதுவே தூக்கத்தை இழுக்கும். "வீட்டில் 15 ராத்திரி" என்று எண்ணும்போது, அதில் எத்தனை ராத்திரி முந்தின நாள் தூக்கத்தை ஈடுகட்டப் போகும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது துறைமுக கேட். சீல் எண்ணும் பெட்டி எண்ணும், ஏற்றுமதிப் பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான படிவம் 13-இல் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன் நீங்களே சீலைப் போட்டோ எடுத்து ஒத்துப் பாருங்கள். ஒரு எண் மாறினாலும் கேட்டில் ஓரம் கட்டிவிடுவார்கள், ஏஜென்ட் ஆபீஸ் திறந்து திருத்தி வரும்வரை நிற்க வேண்டியதுதான். பெட்டியை வண்டியில் வைத்ததும் பெட்டியை வண்டியோடு பூட்டும் நான்கு மூலை ட்விஸ்ட் லாக்கும் முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் போதாது.

12 வீலிலிருந்து வருபவருக்கு டிரெய்லர் ரிவர்ஸ் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சமாகத் திருப்பி, பின்னால் வண்டி மடிவதற்கு முன்பே திரும்பப் பிடிக்க வேண்டும். பழகும் வரை ஆள் இறங்கிப் பார்க்காமல் பின்னால் எடுக்காதீர்கள்.

பதில் 3, எழுதியவர்: புல்லட் லைன்

டேங்கர் பற்றி. 4,500 என்பது தலைக்கா வண்டிக்கா என்று கேட்டீர்களா? தொலைதூர கேஸ் லோடுக்கு இரண்டு டிரைவர் போக வேண்டும். இருவருக்கும் சேர்த்து 4,500 என்றால் கதையே வேறு.

தலைக்கு 4,500 என்றே வைப்போம். 6 ட்ரிப், ட்ரிப்புக்கு 4 நாள், ஆக 24 நாள் வெளியே. சாப்பாடு நாளுக்கு 300 போட்டால் 7,200. மீதி 19,800. வீட்டில் 6 ராத்திரி. கன்டெய்னரை விட 1,400 கூட, வீட்டு ராத்திரி 9 குறைவு. உங்களுக்கு வேண்டியது வீட்டில் இருக்கும் நாள் என்றால் இது பொருந்தாது.

மங்களூரிலிருந்து கருப்பூர் 550 கி.மீ. கிட்டத்தான். ஓட்டம் இரண்டு நாளில் முடியும். மீதி நாள் ஏற்றும் இடத்தில் நம் முறை வரும்வரை நிற்பது, இறக்கும் பிளான்ட்டில் வரிசையில் நிற்பது. பிளான்ட்டில் டேங்க் நிறைந்திருந்தாலோ, விடுமுறையில் சிலிண்டர் நிரப்புவது நின்றாலோ, வாசலில் கிடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் சிராடி மலைப்பாதையில் மண் சரிந்தால் சுற்றுவழி, இன்னும் நாள் கூடும்.

கருப்பூரிலிருந்து ராசிபுரம் ஒரு மணி நேரம்தான், லோடோடு வரும்போது ஊர்ப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வண்டியில் தடம் காட்டும் கருவி இருக்கிறது. அனுமதி இல்லாத இடத்தில் நின்றால், வழி மாறினால் எண்ணெய் கம்பெனிக்குத் தெரியும், வண்டியையே நிறுத்தி வைப்பார்கள். ஊருக்குப் பக்கத்தில் கேஸ் புல்லட்டை, அதாவது கேஸ் டேங்கரை, நிறுத்துவது ஜனங்களுக்கும் ஆபத்து. 2012-இல் கண்ணூர் சாலையில் டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்து எத்தனை உயிர் போனது என்பதை இந்த லைனில் யாரும் மறப்பதில்லை.

லைசென்ஸ் வேலையும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 9-இன்படி அபாயகரமான சரக்கு ஏற்ற மூன்று நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, ஆர்டிஓ ஆபீசில் லைசென்ஸில் பதிய வேண்டும். தமிழோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. இந்தப் பதிவு உள்ள லைசென்ஸ் 3 வருஷத்துக்குத்தான், சாதா டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷம். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஒரு நாள் வகுப்பு. இப்போது டேங்கருக்குப் போகாவிட்டாலும் இதை முடித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆசிட், பெட்ரோல், கேஸ் என்று நாலு கதவு திறக்கும்.

ராசிபுரம் 12 வீல்

ரொம்ப நன்றிங்க. 4,500 தலைக்குத்தான் என்றார்கள், ஆனாலும் 6 ராத்திரி என்றால் எனக்குச் சரிவராது. இன்னொரு சிக்கல், இப்போதைய ஓனரிடம் 40,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். மனுஷன் நல்லவர், ஒரே வண்டிதான் வைத்திருக்கிறார். அவரிடமே இருந்துகொண்டு வீட்டு நாளைக் கூட்ட வழி உண்டா?

பதில் 4, எழுதியவர்: சங்ககிரி புக்கிங்

உண்டு. எல்லோரும் வண்டியை மாற்றுவது பற்றியே பேசுகிறார்கள். நீங்கள் லைனை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் ராசிபுரம், ஆத்தூர், சேலம் பகுதியில் ஜவ்வரிசி ஆலை நிறைய. அந்தச் சரக்கு அதிகம் போவது மகாராஷ்டிராவுக்கு, அங்கே விரதச் சாப்பாடு அதுதான். ஆவணி, நவராத்திரிக்கு முன்னால் லோடு தாராளமாகக் கிடைக்கும். அதே மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் சோயா ஆலைகள். சோயாப் புண்ணாக்கு நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவன ஆலைகளுக்கு வருகிறது. அக்டோபரில் அறுவடை தொடங்கி மார்ச் வரை நல்ல வரத்து. ஆக, ஏற்றும் இடமும் உங்கள் ஊர், திரும்பி இறக்கும் இடமும் உங்கள் ஊர். டெல்லி லைனில் ரிட்டர்ன் லோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ விழுந்து, அங்கிருந்து ஊருக்கு வர இன்னும் இரண்டு நாள் போகிறதே, அது இதில் இல்லை.

ஒரு வழி ஏறக்குறைய 1,000 கி.மீ. நாளுக்கு 350 ஓட்டினால் மூன்று நாள். இறக்க ஒரு நாள், ரிட்டர்னுக்கு ஒன்று இரண்டு நாள், திரும்ப மூன்று, இறக்க ஒன்று. ஒன்பது, பத்து நாளில் சுற்று முடியும். வீட்டில் இரண்டு நாள் என்று வைத்தால் 12 நாளுக்கு ஒரு தடவை பிள்ளைகளைப் பார்க்கலாம். மொத்த ராத்திரிக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை, மாதத்துக்கு 4 போய் 5 ஆகும். ஆனால் தீவன ஆலை வரிசையில் நிற்கும் நாளும் வீட்டிலிருந்து 40 கி.மீ.க்குள் என்பதால் அதையும் சேர்த்தால் 7 வரை இழுக்கலாம், வண்டிக்குக் காவல் ஆள் கிடைத்தால். கன்டெய்னரின் 15-க்கு இது ஈடு ஆகாது, அதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு 20 நாள் இடைவெளியும் 10 நாள் இடைவெளியும் ஒன்றில்லை என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படி இதில் ட்ரிப்புக்குக் குறையும், வாடகை குறைவு என்பதால். ட்ரிப் எண்ணிக்கை கூடும். முதல் பதிலில் உள்ள கணக்கை அப்படியே இதற்கும் போடுங்கள்: மிச்சத்தை, வீட்டு நாளையும் சேர்த்த மொத்த நாளால் வகுக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சோயா வரத்து குறையும். அப்போது தாவணகெரே மக்காச்சோளம் கிடைக்கிறதா என்று புக்கிங் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டு சரக்குக்கும் எமன் தண்ணீர். தார்ப்பாய் இரட்டையாகப் போடுங்கள், பின் கதவு இடுக்கில் பாலிதீன் மடித்து வையுங்கள். புண்ணாக்கு மூட்டை அடியில் ஈரம் பட்டால் கட்டி பிடித்துவிடும். ஆலையில் ஈரப்பதம் பார்த்துக் கழிப்பார்கள், அந்தக் கழிவு கடைசியில் உங்கள் படியில் வந்து நிற்கும். ஏற்றிய இடத்திலும் இறக்கும் இடத்திலும் எடைச்சீட்டு வாங்கி வைத்தால்தான் குறைவு யார் பக்கம் என்று பேச முடியும்.

இனி அட்வான்ஸ். 40,000 பாக்கி இருக்கும் வரை "இந்த லோடு வேண்டாம், பொங்கலுக்கு வீட்டில் இருக்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. ட்ரிப்புக்கு 4,000 வீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பத்து ட்ரிப்பில் முடியும். அதுவரை புது அட்வான்ஸ் வாங்காதீர்கள். ஒரே வண்டி ஓனருக்கு மாதா மாதம் பைனான்ஸ் டியூ இருக்கும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வலிக்கும். அதனால் "எனக்கு லீவு வேண்டும்" என்று போய் நிற்பதை விட, உங்களுக்குத் தெரிந்த ஒரு மாற்று டிரைவரைக் காட்டி, "மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று இவர் ஓட்டட்டும்" என்று கேளுங்கள். வண்டி நிற்காது என்றால் அவர் ஒத்துக்கொள்வார். அந்தச் சுற்றுக்கு உங்களுக்குப் படி இல்லை, ஆனால் 12 நாள் வீட்டில். வருஷத்துக்கு ஒரு முறை, பள்ளி லீவில் வைத்தால்கூடப் போதும்.

ஹால்டிங்கும், அதாவது வண்டி காத்து நிற்கும் நாளுக்கான காசும், பேசி வையுங்கள். இறக்கும் இடத்தில் இரண்டாவது நாளுக்கு மேல் நின்றால் சரக்குக்காரரிடம் ஓனர் ஹால்டிங் வாங்குகிறார் அல்லவா, அதில் உங்கள் பங்கு எவ்வளவு? வாயால் சொன்னது நிற்காது. ட்ரிப் கணக்கு எழுதும் ட்ரிப் ஷீட்டின் அடியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த நேரத்தை ஆலை கேட்டில் எழுதி வாங்கினால்தான் ஹால்டிங் கேட்கவே முடியும்.

சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் முடியப்போகிறது என்று சொல்லி ராத்திரி ஓட்டச் சொன்னால் பயப்பட வேண்டாம். 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு. 1,000 கி.மீ.க்கு 5 நாள் இருக்கிறது. முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும், முடிந்து 8 மணி நேரத்துக்குள்ளும் நீட்டிக்கலாம்.

பதில் 5, எழுதியவர்: ட்ரிப் ஷீட் கணக்கு

கரூர் வேலையை முழுசாக விடும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள் தம்பி. 16,000 என்பது பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் பிஎஃப் வரும், 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம் என்றால் 1,800 கைக்குக் குறையும். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 16,000-க்கு 120 ரூபாய். கைக்கு மொத்தம் 1,920 குறைந்தாலும் 1,800 உங்கள் கணக்கிலேயே சேருகிறது, ஓனரும் தன் பங்கு போட வேண்டும். 120 ரூபாய்க்குக் குடும்பத்துக்கே இஎஸ்ஐ மருத்துவம். படி வண்டியில் இந்த இரண்டும் பெரும்பாலும் கிடையாது. காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் எல்லாம் கைக்காசு. அந்த 6,500 வித்தியாசத்தில் இதையும் கழித்துப் பாருங்கள்.

எங்கே இருந்தாலும் இரண்டு காகிதம் பாருங்கள். வண்டி இன்சூரன்ஸ் பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்புக்கு பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று முதல் பக்கத்தில் தேடுங்கள். ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு என்று போட்டிருப்பது ஓனருக்கு, உங்களுக்கு இல்லை. இரண்டாவது, தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியப் பதிவு. நாமக்கல் தொழிலாளர் நல அலுவலகத்தில் லைசென்ஸ், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எடுத்துப் போய்க் கேளுங்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் குறித்து வையுங்கள், பிள்ளைகள் படிப்பு உதவித்தொகை கேட்கப் போகும்போதுதான் பதிவு காலாவதி ஆனதே பலருக்குத் தெரிகிறது.

ராசிபுரம் 12 வீல்

பாஸ்டேக் மெசேஜை எடுத்துப் பார்த்தேன்ங்க. போன ஆறு ட்ரிப் சராசரி 22 நாள் வருகிறது, 20 இல்லை. கரூரில் பிடித்தம், பைக் நிறுத்தும் இடம், காலிப் பெட்டி நடைக் கணக்கு மூன்றையும் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.